கடலைப் பார்க்க ஆசை. தங்க ஓர் இடம் எங்கே?

"கொல்லிமலை பெரிசா, கடல் பெரிசாப்பா?"

சேந்தமங்கலத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில், மூன்றாம் வகுப்புப் படிக்கும் பையன் கேட்ட கேள்வி இது. அப்பாவிடம் கேட்டான். அப்பா சேகோ ஆலையில் வேலை பார்க்கிறவர். அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவரும் கடலைப் பார்த்தது இல்லை. அம்மாவும் பார்த்தது இல்லை. பாட்டிக்கு வயது 68. அவரும் பார்த்தது இல்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. சேந்தமங்கலத்தில் காலையில் கதவைத் திறந்தால் கிழக்கே கொல்லிமலை நிற்கும். மற்றப் பக்கங்களில் மரவள்ளிக் காடு, சோளக்காடு, கோழிப் பண்ணை. கடல் எங்கே இருக்கிறது? நாமக்கல் போய், திருச்சி போய், தஞ்சாவூரையும் தாண்டி நாகப்பட்டினம் போக வேண்டும். 200 கிலோமீட்டருக்கு மேல்.

"இந்த லீவுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன், கண்ணு" என்றார் அப்பா.

சொன்னபடி செய்தார். சீட்டு எடுத்தார். கையில் பத்தாயிரம் ரூபாய். அப்பா, அம்மா, பாட்டி, பையன், அவன் அக்கா ஆக ஐந்து பேர். மூன்று நாள் கடலோரத்தில் இருந்துவிட்டு வருவது என்று திட்டம் போட்டு பஸ் ஏறினார்கள்.

ஆனால் போய்ச் சேர்ந்த அன்று ராத்திரியே திரும்பவும் பஸ் ஏறிவிட்டார்கள்!

என்ன நடந்தது?

பஸ் போய் நின்றது விடியற்காலை 4 மணிக்கு. பையன் தூக்கக் கலக்கத்தில் இருந்தான். பாட்டிக்குக் கால் வீங்கி இருந்தது. ஓர் ஆட்டோக்காரர் வந்தார். "நல்ல ரூம் இருக்குது, வாங்க" என்று கூட்டிப் போனார். லாட்ஜ் மேனேஜர் ஐந்து தலைகளையும் எண்ணினார்.

"டபுள் ரூம்னா ரெண்டு பேருக்குத்தான். மூணாவது ஆளுக்குத் தனியா பெட் சார்ஜ். அஞ்சு பேர் ஒரே ரூம்ல தங்க முடியாது. ரெண்டு ரூம் போட்டுக்கங்க" என்றார்.

அந்த நேரத்தில் வேறு எங்கே போவது? இரண்டு அறை எடுத்தார்கள். குளித்து, இட்லி சாப்பிட்டு, கடலைப் பார்த்துவிட்டு வந்து படுத்தார்கள். மணி 12 ஆயிற்று. கதவு தட்டப்பட்டது.

"ஒரு நாள் முடிஞ்சிருச்சு. இன்னும் இருக்கிறதானா இன்னொரு நாள் வாடகை கட்டணும்."

எட்டு மணி நேரம் ஒரு நாள் ஆகிவிட்டது! அந்த லாட்ஜில் பகல் 12 மணிக்குப் பகல் 12 மணி ஒரு நாள் என்பது கணக்கு. 24 மணி நேரம் என்று நினைத்து வந்தவர்களுக்கு அது தெரியாது. யாரும் முன்னால் சொல்லவும் இல்லை. ஆட்டோக்காரருக்குக் கொடுத்த கமிஷனும் வாடகையில்தான் ஏறி இருந்தது என்பது பின்னால் தெரிந்தது. பாதிப் பணம் போயிற்று.

பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். சாயங்காலம் வரை கடற்கரை மணலில் உட்கார்ந்து இருந்தார்கள். பெண் பிள்ளைக்கு வயது 12. ஒரு கழிவறைக்காக அம்மா அவளை பஸ் நிலையம் வரை நடத்திக் கூட்டிப்போனார்.

அந்த அப்பா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கடலைப் பார்த்தோம்ங்க. கணக்குப் பார்த்துக்கிட்டே பார்த்தோம்."

ஊர் பெயரை நான் சொல்லவில்லை. ஏனென்றால் இது எந்த ஊரிலும் நடக்கும் கதை.

சத்திரம் இருந்த காலம்

பணம் இல்லாதவர்கள் நம் நாட்டில் என்றைக்கும் யாத்திரை போயிருக்கிறார்கள். ராமேசுவரத்துக்குக் கால்நடையாகவே போயிருக்கிறார்கள். அவர்கள் எங்கே படுத்தார்கள்?

சத்திரத்தில்!

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகும் வழி நெடுகச் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய முத்தம்மாள் சத்திரம் அவற்றில் பெரிது. அதன் வாசலில் யானையும் குதிரையும் தேரை இழுப்பது போலக் கல்லில் செதுக்கி இருக்கிறார்கள். பிரசவத்தில் இறந்துபோன முத்தம்மாளின் ஆசைப்படி கட்டியது என்று சொல்வார்கள்.

சத்திரங்களின் நிர்வாகம் ஆங்கிலக் கும்பெனியாரின் கைக்குப் போய்விடுமோ என்று சரபோஜி மன்னருக்குக் கவலை வந்தது. 1801ஆம் ஆண்டு கும்பெனியின் தஞ்சை ரெசிடெண்ட் துரைக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொன்னார். வருகிறவர் எந்தச் சாதியார் ஆனாலும் சோறு உண்டு. குழந்தைகளுக்குப் பால் உண்டு. நோய் கண்டால் வைத்தியர் உண்டு. வழியில் பிள்ளை பெறும் பெண்ணுக்குப் பராமரிப்பு உண்டு. இதை எல்லாம் நிறுத்திவிடக் கூடாது என்பது மன்னரின் வேண்டுகோள்.

பிறகு ரயில் வந்தது. 1914ல் பாம்பன் பாலத்தின் மேல் ரயில் ஓடியது. மூன்று வாரம் நடந்து போன தூரத்தை ரயில் ஒரே ராத்திரியில் கடந்தது. நடந்து போகிறவர்கள் குறைந்தார்கள். வழியில் இருந்த சத்திரங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சில பள்ளிக்கூடம் ஆயின. சில பாழடைந்தன. ஒரு சில இன்னும் ஏதோ ஒரு விதத்தில் பயன்பட்டுக்கொண்டு இருக்கின்றன.

ரயிலும் பஸ்சும் வந்தபின் வழியில் படுக்க இடம் தேவை இல்லை. வாஸ்தவம்தான். ஆனால் போய்ச் சேர்ந்த ஊரில் படுக்க இடம் வேண்டாமா?

இப்போது என்ன இருக்கிறது?

ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கன்னியாகுமரியில் விவேகானந்தா கேந்திரம் 1972ல் ஆரம்பிக்கப்பட்டது. அதன் வளாகமான விவேகானந்தபுரத்தில் குடும்பங்கள் தங்க அறைகளும், கூட்டமாக வருகிறவர்களுக்குப் பொதுக்கூடங்களும் உண்டு. வேளாங்கண்ணியில் மாதா கோவில் நிர்வாகமே பக்தர்களுக்கு விடுதி நடத்துகிறது. ராமேசுவரத்தில் தேவஸ்தான விடுதி இருக்கிறது. வடநாட்டு வணிகர்கள் கட்டிய தர்மசாலைகளும் இருக்கின்றன. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் கடலோர ஊர்களில் ஓட்டல்கள் வைத்திருக்கிறது. பூம்புகாரில் சங்கு போலவும் சிப்பி போலவும் கட்டிய அதன் குடில்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் எல்லாரும் ஒரே நாளில் வந்தால் இவை போதுமா? வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம். செப்டம்பர் 8 பெரிய திருவிழா. அந்தப் பதினோரு நாளில் அங்கே அறை கிடைப்பது லாட்டரிப் பரிசு விழுவது மாதிரி. ராமேசுவரத்தில் ஆடி அமாவாசை, தை அமாவாசை அப்படி. கன்னியாகுமரியில் சபரிமலை சீசன் அப்படி. அந்த நாட்களைத் தவிர்த்துப் போனால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டில் நாள் பார்த்துப் போக முடியாது. லீவு விட்டால்தான் போக முடியும். லீவு எல்லாருக்கும் ஒரே சமயத்தில்தான் விடுகிறார்கள்!

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறை வாடகைக்கு முன்பு ஜி.எஸ்.டி. கிடையாது. 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதம் போட்டார்கள். ஏழையின் அறைக்கு எதற்கு வரி என்று அப்போதே பலர் கேட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. கோவில், மாதா கோவில் போன்ற அறக்கட்டளைகள் தங்கள் வளாகத்தில் நடத்தும், நாள் வாடகை ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு வரி விலக்கு உண்டு. அந்த மட்டில் நல்லது.

சேலம், நாமக்கல் பக்கத்து ஜனங்கள் இதற்கெல்லாம் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடிப்பார்கள். அரிசி, பருப்பு, அடுப்பு, அண்டா எல்லாம் வேன் கூரை மேல் ஏறும். ரோட்டு ஓரத்தில் சமையல். ராத்திரிக்குக் கல்யாண மண்டபம் அல்லது பஸ் நிறுத்தும் இடம். கோழிக் குழம்பு வாசனை மூக்கைத் துளைக்கும்! ஆண்களுக்கு இது குஷிதான். பெண்களிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். "குளிக்கத்தாங்க இடம் இல்லை" என்பார்கள்.

இத்தாலியில் ஒரு கடலோரம்

நம் தேசத்து விஷயம் பேசும்போது இத்தாலி எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

இத்தாலியின் வடமேற்குக் கடலோரத்தில் ஐந்து கிராமங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. மான்டெரோசோ, வெர்னாட்சா, கோர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே என்று பெயர். ஐந்தும் சேர்ந்து சின்க்வே தெர்ரே. ஐந்து நிலங்கள் என்று அர்த்தம். கடலுக்கு மேலே செங்குத்தான பாறை. அந்தப் பாறையில் ஒட்ட வைத்த மாதிரி வீடுகள். மலைச் சரிவில் கல் அடுக்கிப் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். சுண்ணாம்போ சிமென்டோ இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிய சுவர்கள் அவை. 1997ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடம் என்று அறிவித்தது.

அங்கே பெரிய ஓட்டல் கட்டத் தட்டையான இடமே இல்லை. பிறகு வருகிறவர்கள் எங்கே தங்குகிறார்கள்? வீடுகளில்! சில வீட்டு வாசலில் "கேமரே" என்று பலகை தொங்கும். அறைகள் உண்டு என்று அர்த்தம். இந்தச் சொல் நமக்குப் புதிது அல்ல. நம் தாத்தாக்கள் வீட்டு உள் அறையைக் "காமரா" என்று சொன்னது நினைவு இருக்கிறதா? போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இத்தாலிய அரசாங்கம் 1985ல் ஒரு சட்டம் செய்தது. ஒரு விவசாயி தன் பண்ணை வீட்டில் வெளியூராரைத் தங்க வைத்து, தன் வயலில் விளைந்ததைச் சமைத்துப் போட்டு, அதற்குப் பணம் வாங்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும். விருந்தாளி வருமானம் அதற்குத் துணை. விவசாயி நிலத்தை விட்டுப் பட்டணத்துக்கு ஓடிவிடாமல் இருக்க இது உதவும் என்பது எண்ணம்.

அங்கே எல்லாம் சுகம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆகஸ்ட் 15 அவர்களுக்கும் பெரிய விடுமுறை. அப்போது அந்த ஐந்து கிராமத்திலும் கால் வைக்க இடம் இராது. அறை வாடகை மலை ஏறிவிடும். வாடகை ஆசையில் ஊர்க்காரர்கள் வீட்டை முழுக்கச் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள் என்ற குறையும் உண்டு. ஊர் முழுவதும் விடுதி ஆகிவிட்டால் அப்புறம் அது ஊரா? ஆகவே அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நிபந்தனையை. தொழில் முதலில், வாடகை அதற்குப் பின்னால்.

அந்த 61 நாள்

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக் காலம். திருவள்ளூர் முதல் கன்னியாகுமரி வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்தத் தடை. முன்பு 45 நாளாக இருந்தது; 2017 முதல் 61 நாள் ஆயிற்று. நாட்டுப் படகுகள் கரையோரம் போகலாம். ஆனால் விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் இருக்க வேண்டியதுதான். வலை பின்னுவார், படகுக்குப் பெயிண்டு அடிப்பார். அரசு நிவாரணத் தொகை தருகிறது. இரண்டு மாதம் ஒரு குடும்பம் அதை வைத்தே சாப்பிட முடியுமா? கடன் வாங்குவார்.

பள்ளிக்கூடத்துக்குப் பெரிய லீவு எப்போது? ஏப்ரல் கடைசியில் இருந்து ஜூன் ஆரம்பம் வரை!

பாருங்கள் இந்தப் பொருத்தத்தை. சேந்தமங்கலத்துக் குடும்பம் கடற்கரையில் படுக்க இடம் தேடி அலையும் அதே நாட்களில், கடற்கரைக் குடும்பம் வருமானம் இல்லாமல் வாசலில் உட்கார்ந்து இருக்கிறது. இந்த இரண்டு குடும்பத்தையும் ஒன்று சேர்க்க ஆள் இல்லை.

வீடு இருக்கிறதா என்று கேட்பீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரிக் கடலோரங்களில் அரசும் தொண்டு நிறுவனங்களும் ஆயிரக்கணக்கான கான்கிரீட் வீடுகள் கட்டிக் கொடுத்தன. சிறிய வீடுகள்தான். எல்லாம் வாடகைக்கு விடத் தகுந்தவை என்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகள் சம்பாதிக்க ஆரம்பித்து, மேலே ஒரு மாடி எழுப்பிய வீடுகள் ஊருக்குப் பத்தாவது இருக்கும். அந்த மாடி அறை, ஒரு நல்ல கழிவறை, குளிக்கத் தண்ணீர், கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தால் ஐந்து பேர் பாய் விரித்துப் படுக்கலாம். மெத்தை யார் கேட்டார்கள்?

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு, ஆறு அறைகள், பன்னிரண்டு படுக்கைகள் வரை வெளியூராருக்கு விடலாம் என்று மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் விதிகள் சொல்கின்றன. பதிவு செய்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்ட வீட்டு விடுதிகளுக்கு முத்ரா கடன் தரப்படும் என்று 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் நிதி அமைச்சர் அறிவித்தார். ஆனால் இதுவரை இத்திட்டத்தில் பெரும்பாலும் யார் சேர்ந்தார்கள்? ஊட்டி, கொடைக்கானல் பங்களாக்காரர்கள். இணையத்தில் போட்டோ போடத் தெரிந்தவர்கள். படகில் கூலிக்குப் போகிறவருக்கு இந்த விதிகளைத் தமிழில் யார் படித்துச் சொன்னார்கள்?

மீன்வளத் துறைக்கு ஒவ்வொரு மீனவர் குடும்பத்தின் விவரமும் தெரியும். சுற்றுலாத் துறைக்குப் பயணிகளின் தேவை தெரியும். ஊராட்சிக்கு எந்த வீட்டில் கழிவறை நன்றாக இருக்கிறது என்று தெரியும். மூவரும் ஓர் அறையில் உட்கார வேண்டும். ஒரு கடலோர மாவட்டத்தில், ஒரு தடைக் காலத்தில், இருபது வீட்டில் ஆரம்பித்தால் போதும். வாடகை இவ்வளவு, இத்தனை பேர் தங்கலாம், 24 மணி நேரம் ஒரு நாள் என்று வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதிப் போட வேண்டும். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு மட்டும் இடம். குடிக்க வருகிற கோஷ்டிகளுக்குக் கிடையாது. இதில் கண்டிப்பு வேண்டும். இல்லாவிட்டால் எந்த மீனவத் தாயும் வீட்டைத் திறந்துவிட மாட்டார். அவர் வீட்டிலும் வயதுப் பெண்கள் இருக்கிறார்கள்.

சிலர் வேறு தயக்கம் சொல்வார்கள். "மீன் வாசனை அடிக்குமே" என்பார்கள். பாட்டிமார்களுக்கு அது கஷ்டம்தான். அவர்களுக்குக் கோவில் விடுதி பார்க்கலாம். இன்னும் சிலர் நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்து "அவங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கிறவர்கள் லாட்ஜுக்கே போய் 12 மணிக்குக் கதவு தட்டப்படும் வரை இருக்கட்டும்!

கள்ளக்கடல்

மீனவர் வீட்டில் தங்குவதில் வாடகையைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. அது உயிர் சம்பந்தப்பட்டது.

சமவெளியில் பிறந்த நமக்குக் கடலின் குணம் தெரியாது. ஏரியைப் போல, மேட்டூர்த் தண்ணீரைப் போல நினைத்து இறங்கிவிடுகிறோம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் கணபதிபுரம் அருகே உள்ள லெமூர் கடற்கரையில் மருத்துவக் கல்லூரி மாணவ மாணவியர் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். படித்த பிள்ளைகள். அன்றைக்குப் புயல் இல்லை. மழை இல்லை.

அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். தெற்கே வெகு தூரத்தில், இந்துமாக் கடலின் கோடியில் வீசும் பலத்த காற்று பெரிய அலைகளைக் கிளப்பிவிடும். அவை சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே வானம் தெளிவாக இருக்கும். காற்று இராது. திருடன் வருவது போலச் சத்தம் இல்லாமல் கடல் பொங்கும். அதனால்தான் அந்தப் பெயர். ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் மையம் முன்கூட்டி எச்சரிக்கை கொடுக்கிறது. சுற்றுலா வந்தவர்களின் காதில் அது விழுகிறதா?

லாட்ஜ் மேனேஜர் சொல்ல மாட்டார். அவருக்கு அது வேலை இல்லை. ஆனால் வீட்டுக்காரர் மீனவராக இருந்தால், காலையில் கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னிக்குப் பிள்ளைகளைத் தண்ணிப் பக்கம் விடாதீங்க" என்று சொல்லிவிடுவார்.

வேன் பிடித்து வரும் ஐம்பது பேருக்கு வீட்டு மாடி போதாது. அவர்களுக்கு என்ன வழி? 1909ல் ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களை நடைப் பயணம் கூட்டிப் போனார். வழியில் பயங்கர இடி மழை. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். வைக்கோல் பரப்பிப் பிள்ளைகளைப் படுக்க வைத்தார். அவருக்குத் தூக்கம் வரவில்லை. லீவில் எல்லாப் பள்ளிக்கூடமும் காலியாகத்தானே கிடக்கிறது, நடந்து வருகிற பிள்ளைகளுக்கு அதையே விடுதி ஆக்கினால் என்ன என்று யோசித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று உலகம் முழுவதும் உள்ள இளைஞர் விடுதி இயக்கம். 1912ல் ஆல்டேனா என்ற ஊரின் கோட்டையில் நிலையான விடுதி ஏற்பட்டது. நம் கடலோரப் பள்ளிக்கூடங்களும் மே மாதம் பூட்டித்தான் கிடக்கின்றன. சாவி தலைமை ஆசிரியரிடம் இருக்கிறது. துப்புரவுக்கு ஆள் போட்டு, தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கூட நிதிக்கு வசூலித்தால் பெஞ்சு நாற்காலிக்குக்கூட அது உதவும்.

அதுவரை?

இதெல்லாம் நடக்கும்வரை, கடல் பார்க்கப் புறப்படும் குடும்பத்தார் ஒரு காரியம் செய்யலாம். புறப்படும் முன்பே டெலிபோனில் கேளுங்கள். "ஒரு நாள் என்பது 24 மணி நேரமா, 12 மணிக்கு 12 மணியா?" "எத்தனை பேர் தங்கலாம்? குழந்தைக்கு எத்தனை வயது வரை கணக்கு இல்லை?" "வரி சேர்த்து எவ்வளவு?" இந்த மூன்று கேள்வி. பதிலைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 12 மணிக் கணக்கு உள்ள இடமாக இருந்தால் விடியற்காலை போய் இறங்காதீர்கள். காலை பஸ் பிடித்து மத்தியானத்துக்கு மேல் போய்ச் சேருங்கள். பெரியவர்கள் எல்லாரும் ஆதார் கார்டு எடுத்துப் போங்கள். பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரர் காட்டும் அறைக்குப் போகாமல் நீங்களே நாலு இடம் ஏறி இறங்கிப் பாருங்கள். பணம் கட்டுமுன் அறையையும் கழிவறையையும் பெண்கள் பார்த்துச் சரி சொல்லட்டும்.

மலை அடிவாரத்திலும் அதே கதை

இவ்வளவும் கேட்டபிறகு அந்தச் சேந்தமங்கலத்து அம்மா ஒன்று சொன்னார். எனக்குத் தோன்றாத விஷயம்.

"நம்ம ஊர் மட்டும் என்னவாம்? ஆடி பதினெட்டுக்கு மலைக்கு வர்ற ஜனங்க எங்கீங்க படுக்கறாங்க?"

உண்மைதான். ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. அறப்பளீசுவரர் கோவிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிச் செம்மேடு போகிறார்கள். மேலே இருக்கும் விடுதிகள் சில. கூட்டமோ ஏராளம். அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி, மறுபடி அத்தனை படியும் ஏறி, முழங்கால் நடுங்க வருகிற பாட்டிமார்கள் ராத்திரி ரோட்டு ஓரத்தில் வேனுக்கு அடியில் படுக்கிறார்கள். மலைக் குளிர் சும்மா விடுமா? அவர்களில் நாகப்பட்டினத்துக்காரர்களும் இருப்பார்கள். கடலைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு மலை பார்க்க ஆசை!

கடலோர ஊராட்சிக்குச் சொன்னது சேந்தமங்கலம் பேரூராட்சிக்கும் பொருந்தும். மலை ஊராட்சிகளுக்கும் பொருந்தும். மிளகும் அன்னாசியும் பலாவும் விளைகிற மலைவாழ் மக்களின் வீடுகளில் இரண்டு நாள் தங்கி, அவர்கள் சமையலைச் சாப்பிட்டு வர யாருக்குத்தான் ஆசை இராது?

நான் விடைபெற்று எழுந்தேன். அந்த அம்மா வாசல் வரை வந்தார். வீட்டை ஒட்டி ஓட்டுக் கூரை போட்ட ஓர் அறை இருந்தது. மரவள்ளிக் கிழங்குச் சாக்கும் பழைய சைக்கிளும் போட்டு வைத்திருந்தார்கள். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, இதைச் சுத்தம் பண்ணி, ஒரு கழிவறையும் கட்டி விட்டா, அஞ்சு பேர் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு என்னங்க வாடகை கேட்கலாம்?" என்றார்.

"அந்தக் கடற்கரை லாட்ஜில் உங்களிடம் கேட்டதில் பாதி" என்றேன்.

"அது ஜாஸ்திங்க" என்றார்.